உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு இருந்ததா? கண்டுபிடிப்பது எப்படி

"எங்க தாத்தா வெள்ளைக்காரன் காலத்துலயே சட்டசபைக்கு ஓட்டுப் போட்டவரு" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. சிலர் சொல்வது உண்மை. பலர் சொல்வது ஜில்லா போர்டு தேர்தலும், டெல்லி சட்டசபைத் தேர்தலும், 1952 பொதுத்தேர்தலும் ஒன்றோடொன்று கலந்துபோன ஞாபகம். இதைப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது, ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்ற விவரம், கொஞ்சம் பொறுமை, இது மூன்றும் போதும். வம்சாவளி எழுதுகிறவர்களுக்கும், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் வருஷத்தைப் பிடியுங்கள்

சென்னை மாகாணத்தில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட மாகாணப் பொதுத்தேர்தல் மொத்தமே ஆறுதான். 1920, 1923, 1926, 1930 ஆகிய நான்கும் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரட்டையாட்சிக் காலத்தில் (சில துறைகள் மந்திரிகளிடம், மற்றவை கவர்னரிடம்) நடந்தவை. 1937, 1946 ஆகிய இரண்டும் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்தவை. 1920-க்கு முன்னாலும் சென்னையில் சட்டசபை இருந்தது, ஆனால் அதில் தேர்தல் என்று நடந்ததெல்லாம் நகராட்சிகள், ஜில்லா போர்டுகள், ஜமீன்தார்கள் மாதிரி சின்னச் சின்னக் குழுக்கள் ஆளனுப்புவதாகத்தான் இருந்தது, சாதாரணக் குடியானவன் நேராகப் போய் ஓட்டுப் போடும் சங்கதி இல்லை. ஆகவே யாராவது "1912-ல் தாத்தா சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்" என்றால், அநேகமாக அது நகராட்சித் தேர்தலாக இருக்கும்.

1930-க்கும் 1937-க்கும் இடையில் மாகாணப் பொதுத்தேர்தல் கிடையாது, சபையின் ஆயுளை நீட்டித்துக்கொண்டே போனார்கள். நடுவில் 1934-ல் நடந்தது டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்கான தேர்தல். சென்னை நகரத்தில் சத்தியமூர்த்தி ஜெயித்தது அதில்தான். அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை இன்னும் குறுகலானது, நல்ல வசதி இருந்தால்தான் பெயர் ஏறும். 1937-க்கும் 1946-க்கும் இடையிலும் பொதுத்தேர்தல் இல்லை. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு 1946 வரை கவர்னர் ஆட்சிதான். எனவே வீட்டில் சொல்லும் வருஷம் இந்த ஆறில் ஒன்றாக இல்லாவிட்டால் முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட வேண்டும்.

பெரியவர்களிடம் வருஷம் கேட்டுப் பயனில்லை, யாருக்கும் நினைவிருக்காது. ஓட்டுப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். 1937-ல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் தனிப் பெட்டி வைத்தார்கள், சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை, மறைவில் போய்ப் பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிடலாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிரமமில்லை. காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள் பெட்டி. "மஞ்சப் பெட்டியில போடச் சொன்னாங்க" என்று பாட்டி சொன்னதாக வீட்டில் பேச்சு இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக 1937-ஐப் பிடித்துவிட்டீர்கள். அதுவே "நுகத்தடி பூட்டின ரெட்டைக் காளை" என்று சொன்னால் 1952-க்குப் பிறகான கதை, அப்போது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது, தேடவே வேண்டியதில்லை.

ஊர் மாகாணத்தில் இருந்ததா?

இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவீர்கள். நாகர்கோவில், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே தேர்தல் இருந்தது, ஆனால் அது சமஸ்தானத்தின் சொந்தச் சட்டசபைக்கு. புதுக்கோட்டை தனி சமஸ்தானம். காரைக்கால், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில். இந்த ஊர்க்காரர்கள் சென்னை மாகாணப் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மறுபக்கம், மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிட ரொம்பப் பெரியது. கடற்கரை ஆந்திரா, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள்தான், 1936 வரை கஞ்சம் ஜில்லாவும் உள்ளே இருந்தது.

ஜில்லாவையும் அந்தக் காலத்துக் கணக்கில் பாருங்கள். திருவாரூரும் நாகப்பட்டினமும் மாயவரமும் தஞ்சாவூர் ஜில்லா. திண்டுக்கல்லும் பெரியகுளமும் மதுரை. விருதுநகரும் சிவகங்கையும் ராமநாதபுரம். ஆங்கிலப் பதிவுகளில் எழுத்து வேறு மாதிரி இருக்கும்: டின்னவெல்லி, டாஞ்சூர், ட்ரிச்சினோபலி, நெகபட்டாம், காஞ்சீவரம், பாலம்கோட்டா. கணினியில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஒன்றும் வராது, அப்புறம் "ஆவணமே இல்லை" என்று முடிவுகட்டிவிடுவோம்.

கிஸ்தி ரசீதை எடுங்கள்

இதுதான் விஷயத்தின் உயிர். அன்றைக்கு ஓட்டு என்பது வயதோடு வருவது இல்லை, வரியோடு வருவது. 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நிலமோ வீடோ தொழிலோ சர்க்கார் கணக்கில் இருக்க வேண்டும்.

1920 முதல் 1930 வரையிலான நான்கு தேர்தல்களுக்கு, கிராமத்தில் இருப்பவருக்குப் பொதுவான அளவுகோல் ஆண்டுக்குப் பத்து ரூபாய் வாடகை மதிப்புள்ள நிலம். ரயத்துவாரி நிலத்தில் (ஜமீன்தார் நடுவில் இல்லாதது) சர்க்காருக்குக் கட்டும் தீர்வைதான் நடைமுறையில் இந்த மதிப்பைத் தீர்மானித்தது. நகராட்சிப் பகுதியில் இருந்தால் வீட்டு வரி, தொழில் வரி என்று சேர்த்து மூன்று ரூபாய் கட்டியிருக்க வேண்டும். வருமான வரி கட்டியவர்களுக்கும், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இது இல்லாமலே உண்டு.

சரி, டிரங்குப் பெட்டியில் ஒரு பழுப்பேறிய ரசீது கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆங்கில வருஷம் இருக்காது, பசலி இருக்கும். ஜூலை முதல் தேதியில் தொடங்கி அடுத்த ஜூன் முப்பதில் முடிவது பசலி வருஷம். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் வந்துவிடும். 1329 என்றிருந்தால் 1919 ஜூலை முதல் 1920 ஜூன் வரை, அதாவது முதல் தேர்தலுக்கு முந்தைய வருஷம். 1345 என்றிருந்தால் 1935-36, இது 1937 தேர்தலுக்கான பட்டியல் தயாரான காலத்தை ஒட்டியது. அடுத்து தொகை. "9-14-0" என்று மூன்று எண்கள் இருக்கும், ஒன்பது ரூபாய் பதினாலு அணா பூஜ்யம் பை என்று படிக்க வேண்டும். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. அந்த ரசீதில் உள்ள நிலம் மட்டும்தான் என்றால் இரண்டு அணாவில் ஓட்டு தவறிப்போயிருக்கும், அவ்வளவு கறார். ஆனால் அதோடு முடிவுக்கு வந்துவிடாதீர்கள், பக்கத்து கிராமத்தில் இன்னொரு பட்டா இருந்திருக்கலாம், தண்ணீர்த் தீர்வை தனி ரசீதாக இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

கூட்டுப்பட்டா இருந்தால் கவனம். அண்ணன் தம்பி நாலு பேர் ஒரே பட்டாவில் இருந்தார்கள் என்பதற்காக நாலு பேருக்கும் ஓட்டு வந்துவிடாது, பெரும்பாலும் குடும்பத்தின் சார்பில் ஒருவர் பெயர்தான் ஏறும். பெரிய தாத்தா பெயர் பட்டியலில் இருக்கும், உங்கள் நேர் தாத்தா பெயர் இருக்காது. ஜமீன் கிராமமாக இருந்தால் சர்க்கார் கிஸ்தி ரசீதே இருக்காது, ஜமீன் கச்சேரியில் கட்டிய ரசீதைத் தேட வேண்டும்.

இந்த அளவுகோலில் எத்தனை பேர் தேறினார்கள்? 1920-ல் நாலு கோடிக்கு மேல் ஜனத்தொகை, வாக்காளர்கள் பன்னிரண்டரை லட்சம் சுமார். நூற்றுக்கு மூன்று பேர். அதிலும் நாலில் ஒரு பங்குதான் சாவடிக்கு வந்தது. "எங்கள் ஊரில் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்" என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

1937-க்கு வந்தால் கதவு கொஞ்சம் அகலம். நில அளவுகோல் தளர்ந்தது, சொத்து வரி, தொழில் வரி கட்டியவர்கள் உள்ளே வந்தார்கள், அதைவிட முக்கியமாக எழுதப் படிக்கத் தெரியும் என்று நிரூபித்தாலே போதும் என்ற தகுதி சென்னை மாகாணத்தில் வந்தது. எனவே நிலமே இல்லாத திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் 1930-ல் பட்டியலில் இல்லாமல் 1937-ல் திடீரென்று முளைப்பது சகஜம். பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் சுமார் 3 கோடிப் பேருக்கு ஓட்டு வந்தது என்பார்கள். அதுவும் வயது வந்தோரில் சிறுபான்மைதான், நிலமும் எழுத்தும் இல்லாத கூலிக்காரருக்கு 1946-லும் ஓட்டில்லை. இந்தியாவின் அரசியல் நிர்ணய சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்ததே அந்த 1946 சபைகள்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

பாட்டியை விட்டுவிடாதீர்கள்

வம்சாவளி தேடுகிறவர்கள் ஆண் வழியை மட்டும் தேடிவிட்டுப் போய்விடுகிறார்கள். 1920 தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. 1921-ல் சென்னை சட்டசபை தீர்மானம் போட்டு அந்தத் தடையை நீக்கியது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதைச் செய்த முதல் மாகாணம் இதுதான். ஆகவே 1923 முதல் பாட்டி பெயரையும் தேடலாம், ஆனால் அவர் பெயரிலேயே சொத்து இருந்திருக்க வேண்டும் என்பதால் கிடைப்பது அபூர்வம். 1926-ல்தான் பெண்கள் வேட்பாளராக நிற்க வழி பிறந்தது, கமலாதேவி சட்டோபாத்யாய் அந்த வருஷம் நின்று மிகக் குறைந்த ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி உள்ளே வந்தது நியமன உறுப்பினராக, தேர்தலில் ஜெயித்து அல்ல. இதைப் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.

1937-ல் நிலைமை வேறு. கணவனுக்கு உள்ள சொத்துத் தகுதியை வைத்து மனைவிக்கும் ஓட்டு வந்தது, பட்டாளத்துக்காரரின் பென்ஷன் வாங்கும் விதவைக்கும் தாய்க்கும் வந்தது, படித்த பெண்ணுக்கும் வந்தது. ஆகவே தாத்தா கணிசமாக வரி கட்டியவர் என்றால் அதே பட்டியலில் பாட்டியையும் தேடுங்கள்.

எந்தப் பட்டியல்?

ஒரே ஊரில் ஒரே தெருவில் இருந்தாலும் எல்லோரும் ஒரே பட்டியலில் இருக்க மாட்டார்கள். முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி, தனிப் பட்டியல். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் அப்படியே. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்தை ஊர்ப் பொதுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது, பல ஜில்லாக்களைச் சேர்த்து வைத்த பெரிய கிறிஸ்தவத் தொகுதியில் தேட வேண்டும். ஜமீன்தார், வியாபாரிகள் சங்கம், பல்கலைக்கழகப் பட்டதாரிகள் என்று தனித் தொகுதிகளும் உண்டு, 1937-ல் தொழிலாளர் தொகுதிகளும் சேர்ந்தன. இந்தத் தனித் தொகுதியில் ஓட்டு இருப்பவருக்கு ஊர்த் தொகுதியிலும் ஓட்டு இருந்திருக்கலாம். ராஜாஜி 1937-ல் ஜெயித்தது பல்கலைக்கழகத் தொகுதியில்தான், அவருக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்லும் தாத்தா பட்டதாரியா என்று கேட்டுப் பாருங்கள்.

தாழ்த்தப்பட்டோருக்கு 1937-ல் தனித் தொகுதி இல்லை, பொதுத் தொகுதியிலேயே ஒதுக்கப்பட்ட இடம். எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு சென்னைக்கு 18 இடம் கொடுத்தது, காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையிலான 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு அது 30 ஆனது. அந்த ஒப்பந்தப்படி, நாலு பேருக்கு மேல் போட்டியிட்டால் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் அந்த நாலு பேரும் எல்லா வாக்காளரிடமும் வருவார்கள். ஆக, ஒரே தொகுதிக்கு இரண்டு தடவை ஓட்டுப் போட்டதாக ஒரு குடும்பத்தில் பேச்சு இருந்தால் அதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள்.

முடிவைப் படிக்கும்போது

தொகுதி கிடைத்துவிட்டால் அடுத்து எல்லோரும் பார்ப்பது யார் எத்தனை ஓட்டு என்றுதான். இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

ஒன்று, போட்டியில்லாத தொகுதிகள். காமராஜர் 1937-ல் சாத்தூரில் போட்டியின்றி வந்தவர். அந்தத் தொகுதிக்காரர் பெயர் பட்டியலில் இருந்தாலும் அந்த இடத்துக்கு அவர் ஓட்டுப் போட்டிருக்க வழியே இல்லை, சாவடியே திறந்திருக்காது. இரண்டு, இரட்டை இடத் தொகுதிகள். ஒரு பொது இடமும் ஒரு ஒதுக்கீட்டு இடமும் உள்ள தொகுதியில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு, ஆகவே எல்லா வேட்பாளர்களின் ஓட்டையும் கூட்டி வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் நூற்றுக்கு நூற்றுப்பத்து பேர் ஓட்டுப் போட்டதாக வரும். அதைக் கள்ள ஓட்டு என்று எழுதிவிடாதீர்கள். ஒதுக்கீட்டு இடத்தில் ஜெயித்தவரைவிட அதிக ஓட்டு வாங்கிய பொது வேட்பாளர் தோற்றிருப்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது, யார் நிற்கவில்லை என்பது. 1920-ல் காங்கிரசுக்கு எதிரணியான நீதிக்கட்சி தேர்தல் நடந்த 98 இடங்களில் 63 பிடித்தது, ஆனால் அந்தத் தடவை காங்கிரஸ் ஒத்துழையாமை காரணமாகத் தேர்தலையே புறக்கணித்தது. 1930-லும் சட்டமறுப்பு காரணமாக ஒதுங்கியது. 1926-ல் காங்கிரசைச் சேர்ந்த சுயராஜ்யக் கட்சியினர் 41 இடத்தோடு பெரிய கட்சியாக வந்தும் மந்திரி பதவி வேண்டாம் என்றார்கள், சுப்பராயன் சுயேச்சைகளை வைத்து மந்திரிசபை அமைத்தார். காங்கிரசும் நீதிக்கட்சியும் நேருக்கு நேர் முழு பலத்தோடு மோதியது 1937-ல்தான். 215 இடத்தில் காங்கிரசுக்கு 159. அதுவரை முதல் மந்திரியாக இருந்த நீதிக்கட்சியின் பொப்பிலி ராஜா தன் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார், ராமநாதபுரத்தில் ராஜாவை முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்தார். ஓட்டுரிமை விரிந்ததும் காங்கிரஸ் களத்தில் இறங்கியதும் சேர்ந்து செய்த வேலை இது, ஒன்றை மட்டும் சொல்வது சரியில்லை என்பது என் கட்சி.

எங்கே தேடுவது

முடிவுகளும் தொகுதி அறிவிப்புகளும் புனித ஜார்ஜ் கோட்டை கெசட்டில் (மாகாண அரசிதழ்) வந்தன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கேளுங்கள். 1937 வரை நடந்த தேர்தல்களுக்குப் பிறகு இந்தியா முழுவதற்குமான முடிவுகளை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாக வைத்தார்கள், தொகுதிவாரி எண்ணிக்கைக்கு அது சுருக்குவழி. பத்திரிகைக்கு சுதேசமித்திரன், நீதிக்கட்சி பக்கத்துக்கு திராவிடன், 1934-க்குப் பிறகு தினமணி. எல்லாமே கட்சி கட்டிக்கொண்டு எழுதியவை, ஒரே தேர்தலை இரண்டு பக்கத்திலும் படித்துவிடுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும், எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. வீட்டில் இருந்தபடி என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்கலாம். தேடும்போது 1937-39 மந்திரிசபையின் தலைவரைப் பிரதம மந்திரி என்றே பழைய பத்திரிகைகள் எழுதும் என்பதை மறக்க வேண்டாம்.

கெசட்டில் பெயர்கள் சுத்தமாக வராது. முன்னால் எம்.ஆர்.ஆர்.ஒய். என்று நாலு எழுத்து இருக்கும், அது ஆளின் இனிஷியல் இல்லை, மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதை. திவான் பகதூர், ராவ் பகதூர், கான் பகதூர் பட்டங்களும் பெயருக்கு முன்னால் நின்று அகரவரிசையைக் குழப்பும். வாக்காளர் பட்டியலில் சாதிப் பட்டத்தோடும் தகப்பனார் பெயரோடும் இருக்கும். வீட்டில் எல்லோரும் சின்னப்பா என்று கூப்பிட்டவர் பட்டாவில் என்ன பெயரில் இருந்தார் என்பதைக் கண்டுபிடிக்காமல் காப்பகத்துக்குப் போகாதீர்கள்.

எல்லா ஊர்ப் பட்டியலும் இன்று கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். பட்டியல் கிடைக்காவிட்டால் கிஸ்தி ரசீதும், வில்லங்கச் சான்றில் வரும் பழைய கிரயப் பத்திரங்களும், பள்ளிக்கூடப் பதிவும் வைத்துத் தகுதி இருந்ததா என்று சொல்லலாம். பட்டியல் கிடைத்தாலும்கூட அவருக்கு ஓட்டு இருந்தது என்றுதான் எழுத முடியும், அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு சாவடிக்குப் போனாரா என்பது அதில் இருக்காது. வம்சாவளியில் "வாக்காளர், 1937" என்று குறித்துவிட்டு, பக்கத்தில் தொகுதி, தாலுகா, எந்தத் தகுதியில் பெயர் ஏறியது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள், 1946 பட்டியலைத் தேடும்போது அதே விவரம் மறுபடி தேவைப்படும்.